குளிப்பாட்டிய இடத்து விளக்கு

786
12-1-2024
அலங்காநல்லூர் ரோடு

தம்பி சேக் இஸ்மாயிலுக்கு, அக்கா சாயிரா பானு எழுதிக்கொண்டது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இன்னார். அடுப்படி வாசலில் நான். என் மடியில் பேத்தி சபூரா. மையத்தாகிக் கிடந்தவளின் தலைமாட்டில் மருமகன் அசீம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். கால்மாட்டில் நீ. குளிப்பாட்டி முடித்த மைமூன் பீவி, ஈரக் கையோடு. வாசலில் பள்ளிவாசல் மோதினார், சந்தூக்குப் பெட்டி தூக்க வந்தவர்களோடு. கொல்லையில் மல்லிகைத் தோட்டத்து அன்னக்கொடி. கொல்லைக் கதவுக்கு வெளியே அவள் மகன் அழகுபாண்டி. நடுவில் என் மகள் சுஃபியா, வெள்ளைத் துணியில். வேறு யாரும் இல்லை. இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்பதில் எனக்குப் பிசகு வராது என்று உனக்குத் தெரியும்.

நீ போனில் பேசிப் பேசி அனுப்புவது எதையும் நான் கேட்கவில்லை. சபூரா அமுக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டேன். உன் குரல் இந்த வீட்டில் கடைசியாகச் சொன்னது எனக்குப் போதும். அதனால்தான் எழுத்து. ஐந்தாவது வரை படித்த எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

அழகுபாண்டி காளவாசலில் ஒரு மண்டபத்துக்குப் பூ இறக்கப் போனவன். செய்தி கேட்டுப் பாதி மூட்டையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். கொல்லைப் பக்கமாக வந்து, செருப்பை வெளியே விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் கேட்டான்.

“மாமா, ஒருக்க மொகத்தப் பாத்துக்கிறேன்.”

“அந்நிய ஆம்பளைக்கு மையத்தோட மொகத்தக் காட்டக் கூடாதுப்பா.”

“நான் அண்ணன்ல மாமா.”

“ஊர் மொறைக்கு எல்லாருந்தான் அண்ணன். மார்க்கத்துல அது சேராது.”

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன், “டேய், அவன் அவளுக்கு அண்ணன்தாண்டா.” நீ என் பக்கம் திரும்பவே இல்லை. “அக்காவ உள்ள கூட்டிட்டுப் போங்க” என்று மைமூன் பீவியிடம் சொன்னாய். துணியை இழுத்துத் தலைமாட்டில் முடிச்சுப் போட்டாய். அந்த முடிச்சு போட்ட விரல்களை நான் மறக்கவில்லை. ஒரே மடியில் கிடந்து வளர்ந்ததுகளில் ஒன்றுக்கு ஒன்று முகம் காட்டாமல் அனுப்பினாய்.

அவன் கபுருஸ்தான் வரைக்கும் பின்னாலேயே வந்தானாம். எல்லாரும் மண் போட்டதும் அவனும் அள்ளிப் போட்டானாம். அங்கே யாரும் தடுக்கவில்லை. மண்ணுக்குத் தடை இல்லை போல.

பொழுது சாய்ந்ததும் அன்னக்கொடி ஒரு விளக்கும் எண்ணெயும் கொண்டுவந்தாள். குளிப்பாட்டிய இடத்தில் நாற்பது நாள் விளக்கு எரிவது நம் வீட்டில் இன்று நேற்று வந்ததா? போன ரூஹு வீட்டைப் பார்க்க வரும்போது வழி தெரியாமல் நிற்கக் கூடாது என்றுதானே. அத்தாவுக்கு எரிந்தது. உன் மச்சானுக்கு எரிந்தது. இரண்டுக்கும் எண்ணெய் அன்னக்கொடி வீட்டு எண்ணெய்தான். நீ வந்தாய். திரியைக் கையால் நசுக்கினாய். எண்ணெயைச் சாக்கடையில் கவிழ்த்தாய்.

“இருட்டுலயா இஸ்மாயிலு கெடக்கும் பிள்ள?” என்று கேட்டாள் அவள்.

“அக்கா, இது ஒங்க வழக்கம். எங்களோடது இல்ல.”

அவள் சூடு ஆறாத விளக்கை மடியில் கட்டிக்கொண்டு போனவள்தான். ஏழாம் நாள் வரவில்லை, நாற்பதாம் நாள் வரவில்லை. பொங்கலுக்கு முதல் கரும்பு நம் வீட்டுக்கு வரும், இந்த வருஷம் வராது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். வருஷம் திரும்புவதற்குள் நீ வா. அந்தத் தாய் மகன் முன்னால் நின்று பேசு. அவள் கையாலேயே அந்த விளக்கு எரிய வேண்டும். ஏன் கேட்கிறேன் தெரியுமா. சுஃபியா என்னிடம் வரவில்லை. ஒரு கனவில்கூட வரவில்லை. உன் மச்சான் மவுத்தாகி மூன்றாம் நாளே வந்து வெற்றிலை கேட்டார். இவள் வரவில்லை. வழி தெரியாமல் எங்கோ நிற்கிறாள். குளிப்பாட்டிய இடம் இன்னும் காயவில்லை, இஸ்மாயில். மழை நின்று எத்தனையோ நாள் ஆகிறது.

சாயிரா பானு


பிஸ்மில்லாஹ்
25-1-2024
தொண்டி

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. என் குரல் வேண்டாம் என்றால் எழுத்திலேயே பேசுகிறேன். முதலில் ஒன்று. கடிதத்தின் தலைப்பில் எண் போடாதீர்கள். இறைவனின் பெயரை எண்ணாகச் சுருக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுஃபியா எனக்கு அக்கா மகள் மட்டுமா? நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என்னிடம்தான் அலிஃப் படித்தாள். அன்றைக்கு நான் அழவில்லை என்று நீங்கள் எண்ணினால் அது உங்கள் கண் பார்க்காததால். பள்ளிவாசல் ஹவுலில் முகம் கழுவுவதாக நின்று நான் அழுததை மோதினார் பார்த்தார்.

ஆனாலும் மார்க்கத்தை அழுகைக்காக மாற்ற முடியாது. மரித்தவர்களுக்கும் நமக்கும் நடுவே திரை விழுந்துவிடுகிறது. அதற்குப் பெயர் பர்ஸக். அவர்கள் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம், எழுப்பப்படும் நாள் வரை. ரூஹு வழி தேடி வீட்டுக்கு வருவதும் இல்லை, விளக்கைப் பார்ப்பதும் இல்லை. நம் அத்தா ஓதித் தெரிந்தவர்தான், ஆனால் அவர் காலத்தில் கிதாபு கிடைத்தது கொஞ்சம், கேள்விப்பட்டது அதிகம். அத்தா செய்தார் என்பது ஆதாரம் ஆகாது. நீங்கள் சுஃபியாவுக்காகச் செய்ய வேண்டியது, இறைவனிடம் துஆ கேட்பது. அவள் பெயரில் தர்மம் செய்யுங்கள். அது போய்ச் சேரும்.

அழகுபாண்டி மனம் நொந்தது எனக்கும் வருத்தம்தான். நல்ல பிள்ளை. ஆனால் அந்நிய ஆண் அந்நிய ஆண்தான், அதுதான் சட்டம். அன்னக்கொடி அக்காவிடம் நான் சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்கலாம். சொன்ன விஷயம் சரி.

கொல்லையில் ஈரம் காயவில்லை என்றால் தொட்டிக் குழாய் கசிகிறதா என்று ஆள் கூப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
சேக் இஸ்மாயில்


786
786
9-2-2024

இஸ்மாயிலுக்கு,

இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அத்தா போட்டுக் கொடுத்தது.

குழாய்க்காரன் வந்தான். தோண்டிப் பார்த்தான். “கசிவே இல்லம்மா, இது என்ன ஈரம்னு எனக்குத் தெரியல” என்று சிமெண்டைப் பூசிவிட்டுப் போனான். பூசின சிமெண்டும் இறுகவில்லை. மைமூன் பீவி வந்து கால் வைத்துப் பார்த்துவிட்டு, “அன்னைக்குத் தண்ணியில கலந்த கற்பூர வாடை அடிக்குதுக்கா” என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சபூரா அந்த இடத்தை மிதிக்க மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொல்லைப் படியில் உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று யாரிடமோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். யாரிடம்டி என்றேன். “அம்மாகிட்ட. ஏழாம் வாய்ப்பாட்டுல தப்புப் பண்ணேன், அம்மா சொல்லுச்சு.” நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. “நீங்க வந்தா அம்மா பேச மாட்டேங்குது நன்னிமா” என்றது பிள்ளை.

அசீமும் கனவு கண்டிருக்கிறார். சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாளாம். பெண்டாட்டி செத்து சாவியைத் தேடுகிறாள், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், கண்ணில் தண்ணீர். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். கறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தாவுக்குக் கிதாபு கம்மி என்றாய். பேயாண்டி வாடிவாசலுக்கு இறக்கும் காளையைப் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தி, அத்தா ஓதி ஊதி, அதன் நெற்றியில் தண்ணீர் தெளித்தபோது நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போது உனக்கு ஆதாரம் வேண்டியிருந்ததா? நீ ஆலிம் பட்டம் வாங்கித் தலைப்பாகை கட்டிய அன்றைக்கு அதே பேயாண்டி பெண்டாட்டி அன்னக்கொடி ரெண்டு பஸ் மாறி வந்து, மல்லிகை மாலையை உன் கழுத்தில் போட்டாள். பெரிய ஹஜ்ரத்துமார்கள் பார்த்தும் நீ கழற்றவில்லை, போட்டோ பிடிக்கிற வரைக்கும் போட்டிருந்தாய். அந்த மாலை நம் வழக்கமா, அவர்கள் வழக்கமா? எழுது.

நான் அன்னக்கொடியைப் பார்க்கப் போனேன். முட்டி வலியோடு வரப்பில் நடந்து போனேன். மோர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

“வீட்டுக்கு வா” என்றேன்.

“எதுக்கு?”

“விளக்கு வைக்க.”

“பிள்ளைக்கு வேண்டாத கையி, வெளக்குக்கு மட்டும் எதுக்கு சாயிரா?”

அழகுபாண்டி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எப்போதும்போல “வாங்கம்மா” என்றான். சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

நீ வர வேண்டும். தர்மமும் துஆவும் நான் செய்கிறேன். நீ வா.

சாயிரா பானு


பிஸ்மில்லாஹ்
30-4-2024
தொண்டி

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

நோன்பும் பெருநாளும் முடிந்தன. பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்கு வராதது இதுவே முதல் தடவை. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன் என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதிவிட்டேன்.

மாலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன்.

புது வகுப்புகள் தொடங்கிவிட்டன. பெண்பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தும் விதம் உங்களுக்குத் தெரியும். நடுவே பச்சைத் திரை. நான் இந்தப் பக்கம் கிதாபோடு, அவர்கள் அந்தப் பக்கம். முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். உள்ளே ஓர் உஸ்தாபி உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொள்வார்.

சென்ற வாரம் முற்பகலில் யாஸீன் ஓதக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் சேர்ந்து ஓதும்போது ஒரு குரல் மட்டும் இழுத்து ஓதியது. தாலாட்டுப் போல, ஒவ்வொரு வரியின் முடிவிலும் கீழே இறங்கி. நம் அத்தா ஓதுகிற ராகம். நான் யாருக்கும் அந்த ராகத்தைக் கற்றுத் தந்ததில்லை, ஓதும் முறைக்கு அது சரிவராது என்று நானே விட்டது. சுஃபியா மட்டும் என் பேச்சைக் கேட்காமல் கடைசி வரை அப்படித்தான் ஓதினாள், உங்களுக்குத் தெரியும்.

நிறுத்தச் சொன்னேன். “அந்த ராகத்தில் ஓதியது யாரும்மா?” என்று கேட்டேன். உஸ்தாபி, “எல்லாரும் நீங்க சொல்லித் தந்த மாதிரிதான ஓதுறாங்க ஹஜ்ரத்” என்றார்.

நோன்பின் களைப்பு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. மனம் கேட்க விரும்புவதைக் காது கேட்கும். வேறு ஒன்றும் இல்லை. அவள் ஓதியது ஏதாவது உங்கள் போனில் பதிவாகி இருக்கிறதா? வேண்டாம். அனுப்ப வேண்டாம்.

சேக் இஸ்மாயில்


786
14-5-2024

இஸ்மாயிலுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கோபத்தில் எழுதினால் கோணல் மாணலாக வரும் என்று.

உனக்குக் கேட்டதா? திரி நசுக்கின உனக்கா?

இன்னொன்றும் கேள். அன்னக்கொடியும் பார்த்திருக்கிறாள். அவளாகச் சொல்லவில்லை, மருமகள் ரோகிணி சொன்னாள். பட்டப்பகலில் மல்லிகைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது, பாத்தி முனையில் சுஃபியா நின்றாளாம். முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட. “தலையத் துவட்டுடி, சளி பிடிச்சுக்கிரும்” என்று அன்னக்கொடி சொன்னாளாம். சொன்ன பிறகுதான் செத்தவளாச்சே என்று ஞாபகம் வந்ததாம். அன்றிலிருந்து அந்தப் பாத்தியில் பூப் பறிக்க யாரையும் விடுவதில்லை.

புருஷனுக்குச் சாவி. மகளுக்கு வாய்ப்பாடு. அன்னக்கொடிக்குக் கண்ணெதிரே. உனக்கு யாஸீன். நான்தான் தினமும் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் துணியை நான்தான் வெயிலில் போட்டு மடிக்கிறேன். என்னைக் கண்டு அவள் ஏன் ஒளிய வேண்டும்? அன்றைக்கு நடந்ததை நான் தடுக்கவில்லை என்றா? தடுத்தேனே. என்னை உள்ளே கூட்டிப்போகச் சொன்னது நீ.

கணக்குத் தீர்க்காமல் அவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். அதற்கு நீதான் வர வேண்டும். இனி நானாக எழுத மாட்டேன்.

போனில் அவள் குரல் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். அது எனக்கு.

சாயிரா பானு


பிஸ்மில்லாஹ்
2-9-2024
தொண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இதை உட்கார்ந்து படியுங்கள்.

இத்தனை மாதம் நான் எழுதாததற்குக் காரணம், அந்தக் குரல் நிற்கவில்லை. வாரம் ஒருமுறை, சில வாரம் இருமுறை. நான் யாரிடமும் சொல்லவில்லை. மதரசாவில் சொன்னால் விடுமுறை தருவார்கள், வேறு என்ன செய்வார்கள்.

போன செவ்வாய் ரளாஅத் பாடம் எடுத்தேன். பால்குடி உறவைப் பற்றிய பாடம் அது. பெற்றவள் அல்லாத ஒருத்தி ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய் ஆகிறாள். அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு அண்ணன் தம்பி ஆகிறார்கள். பேச்சுக்கு அல்ல, சட்டப்படி. திருமணம் ஆகாது. பர்தா இல்லை. நம் மத்ஹபின் சட்டத்தில் ஒரு மிடறு உள்ளே போனாலே போதும், இந்தக் கடலோரத்து ஷாஃபி மக்கள் ஐந்து தடவை வயிறார என்பார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. “பால் குடுத்தவ நம்ம மார்க்கம் இல்லன்னா?”

நல்ல கேள்வி என்று மகிழ்ந்து பதில் சொன்னேன். பால் பால்தான், கொடுத்தவளின் மார்க்கம் அதை மாற்றாது, அவளும் தாய்தான், அவள் மகனும் அண்ணன்தான், அவனுக்கு அவள் முகம் அந்நியம் இல்லை என்று நீளமாகச் சொன்னேன். இருபது வருஷமாகச் சொல்கிற பதில். முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கடைசிச் சொல் என் காதில் திரும்ப விழுந்தது. பிள்ளைகள் என்னை ஹஜ்ரத் என்பார்கள். அந்தக் குரல் “மாமா” என்று கேட்டிருந்தது. பால் குடுத்தவ நம்ம மார்க்கம் இல்லன்னா, மாமா?

“யார் கேட்டது?” என்றேன்.

உஸ்தாபி சொன்னார், “யாரும் ஒண்ணும் கேக்கலையே ஹஜ்ரத். நீங்களா கேள்வி கேட்டு நீங்களா பதில் சொல்றீங்கன்னு பிள்ளைக எழுதிக்கிட்டு இருக்கு.”

அக்கா, சுஃபியாவைப் பெற்று நீங்கள் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி வரப்பு வழியே தூக்கிக்கொண்டு போனவன் நான். காலையிலும் மாலையிலும். அன்னக்கொடி அக்கா கிணற்று மேட்டில் அழகுபாண்டியை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “அவள இங்கிட்டுப் போடுடா” என்பார். போட்டுவிட்டு நான் கிணற்றுப் பக்கம் திரும்பி நிற்பேன். இரண்டும் குடித்து முடித்து, ஒன்றின் முடியை ஒன்று பிடித்துக்கொண்டு தூங்கும். சுஃபியாவின் வாயோரத்துப் பாலை என் சட்டையால் துடைத்துக்கொண்டு தூக்கி வருவேன்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது வேறு ஓர் அறையில் இருந்தது, கிதாபு வேறு ஓர் அறையில் இருந்தது. அந்தப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு “நான் அண்ணன்” என்றபோது, நம் பக்கத்தில் பார்க்கிற ஆளையெல்லாம் மாமன் மச்சான் என்று கூப்பிடுகிறோமே, அந்த அண்ணன் என்றுதான் என் காதில் விழுந்தது. நீங்கள் சொன்னபோதும் அப்படித்தான் விழுந்தது. சுஃபியாவுக்குச் சொந்த அண்ணன் ஒருவன் இருந்தான். அவனை நான் மார்க்கத்தின் பெயரால் வெளியே நிறுத்தினேன். மார்க்கம் அவனை உள்ளே அழைத்திருந்தது.

விளக்கைப் பற்றி. அதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன், நான் ஏற்ற மாட்டேன். ஆனால் ஒரு தாய் தன் மகள் கடைசியாகக் குளித்த இடத்தில் ஒரு விளக்கு வைப்பதை நசுக்கி அணைக்க எனக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று தேடினேன். அதுவும் இல்லை. எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றியது வெறும் ஆத்திரம்.

வருஷம் திரும்புமுன் வருகிறேன். முதலில் உங்களிடம் வர மாட்டேன். அன்னக்கொடி அக்காவிடம் போய்விட்டுத்தான் வருவேன்.

ஒன்று மட்டும் என்னால் திருப்பித் தர முடியாது. அந்த முகத்தை.

உங்கள் தம்பி,
சேக் இஸ்மாயில்


786
21-11-2024
அலங்காநல்லூர் ரோடு

தம்பி சேக் இஸ்மாயிலுக்கு, அக்கா எழுதிக்கொண்டது.

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை அசீம் சொன்னார். போனில் பேசியிருக்கலாம். பழகிவிட்டது, எழுதுகிறேன்.

நீ பார்த்ததை உனக்கே எழுதுவானேன் என்று தோன்றுகிறது. ஆனாலும் எழுதி வைத்தால்தான் எனக்கு ஆறும். நீ ஜிப்பா நனைய நனைய வரப்பில் நடந்து போனதைத் தெருவே பார்த்ததாம். அன்னக்கொடி பாத்தியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. நீயும் சேற்றிலேயே உட்கார்ந்தாயாம். “அக்கா, நீங்க அவளுக்குத் தாய். நான் சொன்னது தப்பு. கிதாபுலயே தப்பு” என்றாயாம். அதற்கு அவள் சொன்னதை ரோகிணி வந்து நடித்தே காட்டினாள். “கிதாபுல இருக்கா இல்லையான்னு நான் அன்னைக்குக் கேட்டேனா? பிள்ள பசிச்சு அழுதுச்சு, குடுத்தேன். இதுக்குப் போயி எம்புட்டுப் படிப்புடா படிச்ச.” அப்புறம் உன் ஜிப்பாவில் ஒட்டின சேற்றைச் சுரண்டிவிட்டாளாம். உன் தலையில் ஒரு குட்டு வைத்தாளாமே, அதை நீ என்னிடம் சொல்லவில்லை.

அழகுபாண்டிதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறான். கபுருஸ்தானில் நீ அவனிடம், “நீ பாத்திருக்கலாம்ப்பா. ஒனக்குத்தான் முதல் உரிமை இருந்துச்சு” என்றபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவன் வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டே, “அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் இப்ப என்ன மாமா செய்ய?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வழி கேட்டான். நீ படித்ததில் அதற்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமாட்டு மண்ணில் ரொம்ப நேரம் கையை வைத்திருந்தான். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

பொழுது சாய அன்னக்கொடி வந்தாள். ஒரு வருஷம் கழித்து என் கொல்லைக் கதவைத் திறந்தாள். அதே விளக்கு. நீ நடை வரைக்கும் போய் நின்றுகொண்டாய், விளக்கைப் பார்க்காமலும் வெளியே போகாமலும். அவள் எண்ணெய் ஊற்றினாள், திரி போட்டாள், ஏற்றினாள். அப்புறம் நீ யாஸீன் ஓதினாய். இஸ்மாயில், நீ அத்தா ராகத்தில் ஓதினாய். உனக்கே தெரிந்து ஓதினாயா, தெரியாமலா, நான் கேட்கவில்லை. அன்னக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அசீம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் அன்றைக்குக் குளித்து, சுஃபியா முன்பு எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கொல்லைப் படியில் உட்கார்ந்தேன். எல்லாக் கணக்கும் தீர்ந்தது, தாய் மகன் வந்துவிட்டார்கள், விளக்கு எரிகிறது, ஓதியாயிற்று. இனி அவள் வராமல் எங்கே போவாள்? அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். சபூரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு எரிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை ஆட்டினாள், பள்ளிக்கூட வேன் போகும்போது ஆட்டுவாளே, அந்த மாதிரி.

“யாருக்குடி?”

“அம்மாக்கு. அம்மா போகுது.”

“எங்க போகுது? வரச் சொல்லு. நன்னிமா உக்காந்திருக்கேன்னு சொல்லு.”

“போயிருச்சு நன்னிமா. வெளிச்சம் வந்துருச்சுல்ல, வழி தெரிஞ்சிருச்சாம்.”

இத்தனை நாளும் அந்த விளக்கு அவளை உள்ளே கூட்டி வரத்தான் என்று நினைத்திருந்தேன். அது வெளியே அனுப்ப. அத்தாவுக்கும் உன் மச்சானுக்கும் ஏற்றியபோது இது எனக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாள். ஒரு வருஷம். நான் நடக்கிற இடத்தில், நான் தூங்குகிற இடத்தில். அனுப்பி வைக்க நானே வரப்பில் நடந்து போய் ஆள் கூப்பிட்டிருக்கிறேன், உனக்குத் திட்டித் திட்டிக் கடிதம் போட்டிருக்கிறேன்.

நாற்பது நாளும் எரியட்டும் என்று அன்னக்கொடி தினமும் வந்து எண்ணெய் விடுகிறாள். நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அசீமுக்குக் கனவு இல்லை. சபூரா வாய்ப்பாட்டை என்னிடம் ஒப்பிக்கிறாள். உன் திரைக்குப் பின்னாலும் இனி எந்தக் குரலும் கேட்காது. கேட்டால் எழுதாதே.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முடிச்சுப் போட்ட விரல்களை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறேன். பெருநாளைக்கு வா, பஸ் ஸ்டாண்டோடு திரும்பாதே. நான் பார்க்காத என் மகளை அன்னக்கொடி பார்த்தாள், அவளையும் மன்னித்தேன், அவள் பாலுக்கு. அல்லாஹ்வோடு எனக்கு வழக்கு இல்லை, கொடுத்தது அவன், எடுத்தது அவன்.

ஆனால் இந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்து, மற்றவர்களுக்கெல்லாம் முகம் காட்டி, குரல் காட்டி, பெற்றவளுக்கு ஒரு தடவைகூடக் காட்டாமல் போனவள் ஒருத்தி இருக்கிறாள். மறுமையில் எல்லாரையும் நிறுத்திக் கேட்கும்போது, என் முறை வரும்போது, யாரை மன்னிக்க மாட்டாய் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன், கணக்குத் தீர்க்க அவளை என் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்கள். என்னை அவளிடம் கூட்டிப் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சுஃபியா.